ஊறவைத்த சட்டை

சட்டையின் மேல்பாக்கெட்டில் ஒரு ஜெல் பேனா மட்டும் இருந்தது. கால்சட்டையின் வலது பாக்கெட்டில் கைக்குட்டை, இடது பாக்கெட்டில் காகிதம் பிரிக்காத மூன்று இருமல் மிட்டாய்கள். அவள் ஒவ்வொன்றையும் எடுத்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் அப்பாவின் சாம்பல் நிற யூனிபார்ம் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. முழங்கால் இரண்டிலும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

அடையாள அட்டையைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் ஆபீஸ் தலைமை எழுத்தர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகவும் அட்டையை எடுத்து வைக்கும்படியும் காலையில் போன் செய்திருந்தார். "வாரிசு வேலைக்கு உடனே எழுதிப் போட்டுடலாம்மா" என்று அவர் சொன்னபோது அவளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. கூடத்தில் அப்பா கிடக்கும்போதா என்று உடனே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனால் எழுந்தது எழுந்ததுதான். பகலில் மருந்துக்கடையில் பில் போட்டு, மாலை வகுப்பில் இரண்டு வருஷமாகப் படித்து, ஒரு முறை பரீட்சையில் தோற்று அவள் துரத்திக்கொண்டிருந்த அரசாங்க வேலை அது.

அப்பா தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். தெருத்தெருவாகப் போய், வீட்டு வாசலில் இருக்கும் குழியின் மூடியைத் தூக்கி, குனிந்து டார்ச் அடித்து எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலை. எப்போது பார்த்தாலும் ஏதாவதொரு குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததால் தெருக்காரர்கள் அவருக்கு 'பாதாளம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேற்று மாலை நான்கு மணிக்கு, அல்லது நான்கே காலுக்கு, அப்படிக் குனிந்தபடியேதான் உயிர் போயிருந்தது. குனிந்திருப்பது அவருடைய வழக்கம் என்பதால் பத்து நிமிஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "இன்னுமா ரீடிங் எடுக்குறீங்க?" என்று அந்த வீட்டுக்கார அம்மா காப்பியோடு வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

சட்டையை உதறியபோது இடது பக்கம் உள்ளே ஏதோ கனமாக ஆடியது. விரித்துப் பார்த்தாள். உள்துணியில் ஒரு பாக்கெட். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, வெள்ளை நூலில் நெருக்கமாகத் தைத்திருந்தது. அதற்குள் அடையாள அட்டை இருந்தது. அதோடு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு நோட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டு.

ஆபீஸ் ரீடிங்கின் நகல் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டு எண், தெரு, போன மாத ரீடிங், இந்த மாத ரீடிங். ஒரே ஒரு வித்தியாசம்: நோட்டில் இருந்த அநேக வீடுகளில் இரண்டு ரீடிங்கும் ஒன்றாகவே இருந்தன. தண்ணீர் ஓடாத வீடுகள். ஆள் இல்லாத வீடுகள்.

பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். "மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க, மாசக் கடைசிவரை." "நாய் உண்டு, கட்டியிருக்கும்." "பின்கதவுத் தாழ்ப்பாள் பழசு."

சில வீடுகளுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் அடித்துத் தேதி போட்டிருந்தது. அது அப்பாவின் கையெழுத்து இல்லை.

ஒரு தேதி அவளுக்குத் தெரிந்த தேதி. அவள் பரீட்சை எழுதிய நாளுக்கு முந்தைய நாள். கடிகாரக்கடைப் பெரியவர் ஊரிலிருந்து ஒருநாள் முன்னதாகத் திரும்பி வந்து, தன் வீட்டுக்குள் யாரோ இருப்பதைப் பார்த்துக் கத்த, மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். அந்த வாரம் அப்பா நாலு நாள் சாப்பிடவில்லை. வயிற்றுப்புண் என்றார்.

ஒன்றை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். இன்னொரு டிக்கைப் பார்த்தாள். பேப்பரில் வந்த வீடு. மூன்றாவதைப் பார்த்தாள். அதற்குமேல் பார்க்கவில்லை.

சிவப்பு மையில் எழுதியிருந்த நான்கு என்ற எண் நாற்காலியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. அப்படி நான்கு எழுதுகிற ஒருவரை அவளுக்குத் தெரியும். சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் அவருடைய போன் நம்பரை அவரே எழுதி வைத்திருந்தார். அதில் இரண்டு நான்குகள்.

கூடத்திலிருந்து பெரிய அழுகைச் சத்தம் கேட்டது. அவர் வந்துவிட்டார்.

•

பாலிசி மாமா என்றுதான் அந்த வீட்டில் அவருக்குப் பெயர். மாதம் ஒரு முறை வருவார். அப்பாவோடு வாசலில் நின்று பேசுவார். போகும்போது அவள் கையில் ஏதாவது மிட்டாய் கொடுப்பார். அவளுக்கு இருபத்தாறு வயது ஆன பிறகும் கொடுத்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டதால் அந்தப் பெயர்.

அவள் கூடத்துக்கு வந்தபோது அவர் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார். நல்ல உடம்பு. சென்ட் வாசனை. சுற்றி இருந்தவர்கள் அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"இவரு அழுவுறதப் பாத்தா நாமதான் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கு" என்றாள் அத்தை, அவள் காதோரம். அப்பாவின் தங்கை. அழுது அழுது குரல் கட்டியிருந்தும் வாய் ஓயவில்லை. "இத்தன வருஷமா வந்து போறாரே, அண்ணன் பேர்ல பாலிசி ஏதாச்சும் இருக்கான்னு கேளுடி."

"இப்பவா அத்த?"

"நீ கேக்க மாட்ட. நானே கேக்குறேன்." அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து போனாள். "ஏங்க, பாலிசி எதுனா போட்டாரா அண்ணன்?"

பாலிசி மாமா தலையை நிமிர்த்தினார். "பாக்கணும்மா. பழைய பேப்பரெல்லாம் எடுத்துப் பாக்கணும்."

"ஏஜென்டுக்கே தெரியலயா? அது சரி!"

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாலிசி மாமாவைப் பார்க்கவும் இல்லை. அப்பாவின் காதில் அடைத்திருந்த பஞ்சு கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அதை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள்.

பதினொன்றே காலுக்குப் பின்கட்டுக் குழாயில் சொம்பு நிரப்பிக்கொண்டிருந்தபோது சென்ட் வாசனை வந்தது.

"பாப்பா, ஆஸ்பத்திரியில அப்பா துணியெல்லாம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க மாமா."

"அதுல ஒரு சின்ன நோட்டு இருக்கும். பாலிசி விஷயமா நானும் அவனும் எழுதி வச்சது. வேற யார் கைக்காவது போனா குழப்பம்."

"இன்னும் பாக்கல மாமா. வீட்டுல ஒரே கூட்டம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். "பொய் சொன்னா உங்க அப்பன் மாதிரியே மூக்கத் தொடுற நீ."

அவள் கையை மூக்கிலிருந்து கீழே இறக்கினாள். சொம்பு நிரம்பித் தண்ணீர் வழிந்து காலை நனைத்தது. குழாயை மூடத் தோன்றவில்லை. அவரே குனிந்து மூடினார்.

"படிச்சிட்ட. சரி, படிச்சா என்ன, நல்லதுதான். எனக்குச் சொல்லிக்குடுக்குற வேலை மிச்சம். அப்பா வேலை உனக்குத்தான், தலைமை எழுத்தர்கிட்ட காலையிலயே பேசிட்டேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது, நல்ல மனுஷன். நீ புதுசா எதுவும் செய்ய வேண்டாம். அப்பா நடந்த தெருவுல நட. அப்பா பாத்ததப் பாரு. பாத்தத எங்கிட்ட சொல்லு. அவ்வளவுதான்."

"மாட்டேன்னு சொன்னா?"

"உங்க அப்பனும் மொத வருஷம் இதையேதான் கேட்டான்." அவர் குரலை உயர்த்தவில்லை. உறவுக்காரர் ஆறுதல் சொல்கிற குரல். "அம்மா காலையில அஞ்சரைக்குப் பால் வாங்க பாலத்து வழியாத்தான போறாங்க? தனியா? அந்தப் பாலத்துல விளக்கு எரியறதில்ல பாப்பா. கவலையாத்தான் இருக்கு எனக்கு."

அவள் சொம்பைக் குழாயடியிலிருந்து எடுத்தாள்.

"எடுக்குறதுக்குள்ள நோட்டு என் கைக்கு வரணும். அழுத முகத்தோட போ உள்ள, யாராச்சும் பாத்தா நல்லா இருக்கும்."

அவர் போனார். குழாய்க்கு மேலே இருந்த சமையலறை ஜன்னலுக்கு உள்ளே யாரோ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் யாரும் இல்லை.

•

பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்து அவள் யோசித்தாள். எதையும் ஒழுங்காக வரிசைப்படுத்தினால் வழி தெரியும் என்று மாலை வகுப்பு ஆசிரியர் சொல்வார். அவள் வரிசைப்படுத்திப் பார்த்தாள்.

நோட்டைப் போலீசில் கொடுக்கலாம். அதில் முக்கால்வாசி அப்பாவின் கையெழுத்து. அப்பா கூடத்தில் கிடக்கிறார். தெருவே வந்து நின்று "யார் வம்புக்கும் போகாத மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பாலிசி மாமாவைப் பிடிப்பார்களா? பிடித்தாலும், அவரோடு இருக்கிற மற்றவர்கள்? பாலம் அங்கேயேதான் இருக்கும்.

நோட்டைக் கொடுத்துவிடலாம். நோட்டில் இன்னும் டிக் விழாத வீடுகள் நான்கு இருந்தன. கொடுத்தால் அவற்றுக்கும் விழும்.

அந்த நான்கில் ஒன்று அடுத்த தெரு டீச்சரம்மாவின் வீடு. ஊருக்குப் போகிறவர்கள் மீட்டர்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வந்து பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று எழுதிப் போய்விடக் கூடாதே என்று. டீச்சரும் சொல்லியிருக்கிறார். "டீச்சர், 12 முதல் பத்து நாள், தங்கச்சி வீடு" என்று அப்பா எழுதியிருந்தார். எழுதிவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அவள் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தாள். மனசு கேட்காமல் அடித்தாரா, தேதி மாறியதால் அடித்தாரா? முதலாவது என்று நம்ப ஆசையாக இருந்தது. ஆசையாக இருக்கிறது என்பதாலேயே அதை நம்பப் பயமாகவும் இருந்தது. கோட்டுக்கு அடியில் இருந்ததை யாரும் படிக்கலாம்.

வாசலில் பைக் சத்தம். தலைமை எழுத்தர். அவள் அவசரமாக நோட்டை உறைக்குள் சொருகி, அது இருந்த உள்பாக்கெட்டிலேயே வைத்து, சட்டையையும் கால்சட்டையையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வீடு முழுக்க ஆட்கள். வேறு இடம் தோன்றவில்லை.

தலைமை எழுத்தர் ஒல்லியானவர். ஹெல்மெட்டைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஃபைலை விரித்தார். அப்பாவை ஒரு முறை பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அவள் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்துக் கால் மணி நேரம் விவரங்களை நிரப்பினார்.

"இருபத்தியேழு வருஷம். ஒரு நாள் ரீடிங் தப்பா வந்தது கிடையாது. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் உதாரணமே அவருதான்."

பாலிசி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ரெண்டு கையெழுத்து. ஒண்ணு வாரிசு, ஒண்ணு மனைவி. இன்னைக்குத் தேதி போட்டு எடுத்துட்டுப் போனேன்னா நாளைக்கே மேல அனுப்பிடுவேன்."

"அண்ணி எங்க?" என்று அத்தை சுற்றிப் பார்த்தாள். தலைமாட்டில் அம்மா இல்லை. பின்கட்டிலிருந்து சரக், சரக் என்று பிரஷ் தேய்க்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "துணி தோய்க்கிறாங்க" என்றார்கள்.

"இன்னைக்கா?" என்றாள் அத்தை. பிறகு தானே தணிந்து, "விடுங்க. உக்காந்தே இருந்தா பைத்தியம் பிடிச்சுடும். எதையாச்சும் தேய்க்கட்டும்" என்றாள்.

தலைமை எழுத்தர் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். விண்ணப்பத்தில் அவள் பெயரை ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தார்கள். கீழே புள்ளிக்கோடு. இரண்டு வருஷமாக அவள் கனவில் பார்த்த புள்ளிக்கோடு.

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள்.

"என்னம்மா?"

"இந்த வேலை எனக்கு வேண்டாம்."

அத்தைதான் முதலில் எழுந்தாள். "அதிர்ச்சியில பேசுறா சார், நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. ஏண்டி, வலிய வர்றதக் காலால எட்டி உதைக்கிறியே, மருந்துக்கடையில பில் போட்டே கெழவியாகப் போறியா? உங்கப்பன் நெஞ்சு வலிச்சுச் செத்து உனக்கு வாங்கிக் குடுத்த வேலைடி இது!"

"பாப்பா" என்றார் பாலிசி மாமா மெதுவாக. "அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு."

"ஆமாம்மா, யோசிங்க" என்றார் தலைமை எழுத்தர். "மூணு மாசம் டைம் இருக்கு. ஆனா வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் அழுதாலும் கெடைக்காது."

மூன்று மாதம். ஒவ்வொரு மாதமும் இவர் வருவார். வாசலில் நிற்பார். மிட்டாய் கொடுப்பார். பாலத்தைப் பற்றிக் கவலைப்படுவார். அவளிடம் வேலைக்கு வழி இருக்கிறவரை வந்துகொண்டே இருப்பார்.

"அப்ப எழுதியே குடுத்துடறேன் சார்" என்றாள்.

விண்ணப்பத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். முதல் வரி கோணலாகப் போனது. இரண்டாவது வரி நேராக வந்தது. அத்தை "அண்ணி! அண்ணி! உங்க பொண்ணு பண்றத வந்து பாருங்க!" என்று பின்கட்டைப் பார்த்துக் கத்தினாள். பிரஷ் சத்தம் நின்றது.

அம்மா வந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை. அத்தை மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை அம்மா மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று அவள் காத்திருந்தாள்.

அம்மா தலைமை எழுத்தர் பக்கம் திரும்பினாள். "நான் எங்கங்க கையெழுத்துப் போடணும்?"

"அண்ணி!"

"அவ எழுதினதுக்குக் கீழயா?"

அம்மா குனிந்து கையெழுத்துப் போட்டாள். நுரை ஒரு சொட்டு தாளில் விழுந்தது. தலைமை எழுத்தர் பதறி அதை ஊதினார். பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஈரம் நின்றுவிட்டது. அவர் ஃபைலை மூடி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, யாரிடம் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்து ஒரு முறை தலையாட்டிவிட்டுப் போனார்.

•

பாலிசி மாமாவின் முகத்தில் இப்போது அழுகை இல்லை. அவள் பின்னாலேயே வந்து பின்னறை வாசலில் நின்றார்.

"எடு."

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் கைவிட்டாள். பிளாஸ்டிக் பை கையில் வந்தது. அது காலியாக இருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. பையைத் தலைகீழாக உதறினாள். காய்ந்த சேறு கொஞ்சம் விழுந்தது. அவர் கண்கள் சின்னதாயின.

"எங்க?"

"இங்கதான் வச்சேன் மாமா. சத்தியமா இங்கதான்."

அவள் கை மூக்குக்குப் போகவில்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். திரும்பிப் பின்கட்டுக்கு நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

அம்மா யூனிபார்ம் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்பாக்கெட் வெளியே இழுக்கப்பட்டு நாக்குபோலத் தொங்கியது. கல்லுக்குப் பக்கத்தில் ஆவி பறக்கிற வாளி. அதில் நீலமும் சிவப்பும் கலந்த அழுக்குத் தண்ணீர். தண்ணீரில் கூழ்.

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் அம்மா.

"அவன் சட்டையில ஒரு நோட்டு இருந்துச்சு."

"அடடா. அதுவா?" அம்மா பிரஷைத் தூக்கிக் காட்டினாள். அதன் முடிகளுக்கு இடையில் காகிதப் பிசிறு. "தேய்க்கும்போது கொழகொழன்னு ஏதோ வந்துச்சு. என்னடா இதுன்னு பாத்தேன். பாக்கெட் பாக்காம ஊறப் போட்டுட்டேன். சேறு போகணுமேன்னு கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வேற. முக்கியமானதுங்களா?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து வாளிக்குள் கையை விட்டார். சூடு பொறுக்காமல் ஒரு முறை எடுத்தார், மறுபடி விட்டார். கைநிறையக் கூழை அள்ளிப் பிழிந்து, விரலால் பரப்பிப் பார்த்தார். ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. மறுபடி அள்ளினார். வாளியின் அடிவரைக்கும் துழாவினார். அட்டையின் ஒரு துண்டு வந்தது, அதிலும் மை இல்லை.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், கத்தினால் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. அதை அவள் பார்த்தாள். அவர் தேடியதில் பாதி அந்த நான்கு வீடுகள் என்றால், மறுபாதி அவருடைய சிவப்பு மை. அது எங்கும் இல்லை என்று அவருடைய கையே இப்போது அவருக்குச் சொல்லிவிட்டது.

"இல்லம்மா" என்று எழுந்தார். "ஒண்ணும் முக்கியமில்ல."

அம்மா சொம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையில் ஊற்றினாள். துண்டை நீட்டினாள். அவர் விரல் விரலாகத் துடைத்தார்.

"நாளப்பின்ன யாராச்சும் வந்து ஏதாவது கேட்டா?" என்றார், துண்டைப் பார்த்தபடி.

"என்னத்தக் கேக்கப் போறாங்க? அவரு மீட்டர் பாத்தாரு. நேத்தோட போயிட்டாரு. வேற என்ன தெரியும் எங்களுக்கு?" அம்மா துண்டை வாங்கிக்கொண்டாள். "நீங்க பாலிசிக்காக வந்துட்டிருந்தீங்க. அவரே இல்ல, எம் பொண்ணும் அந்த வேலைக்குப் போகல. இனிமே உங்களுக்கு இந்தப் பக்கம் வர்ற சோலி இருக்காது."

கோபமோ கெஞ்சலோ அந்தக் குரலில் இல்லை. கடைக்காரரிடம் நாளையிலிருந்து பேப்பர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

அவர் அம்மாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"இருக்காதுங்க" என்றார்.

கூடத்தின் வழியாகப் போகாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகவே வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரு கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அம்மா வாளியைச் சாய்த்தாள். கூழ் சாக்கடை வாயில் ஒரு நொடி சுழன்று உள்ளே போனது. இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவினாள்.

சுவரோரம் நின்றிருந்த அவள் அப்போதுதான் கொடியின் ஓரத்தைப் பார்த்தாள். சட்டைக்கு அந்தப் பக்கம், கிளிப் மாட்டி, நோட்டின் பிளாஸ்டிக் உறை தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தமாகக் கழுவி, விரித்து, தண்ணீர் வடியும்படி.

இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு நாள்கூடப் பாக்கெட் பார்க்காமல் துணி ஊறப் போட்டதில்லை. பஸ் டிக்கெட்டைக்கூட எடுத்து வைத்துவிடுவாள்.

"அம்மா."

"ம்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாய் திறந்தாள். கொடியில் தொங்கிய உள்பாக்கெட்டின் வெள்ளைத் தையல் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. நெருக்கமான, சின்னச் சின்ன, அம்மாவின் தையல். அதை எதற்கென்று தெரிந்து தைத்தாளா, கேட்டதற்காகத் தைத்துக் கொடுத்தாளா? அந்தக் கேள்வியும் வாய்வரை வந்தது.

"அந்தக் கவரு" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நல்ல கவரு. எதுக்காச்சும் ஆகும்" என்றாள். உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

•

மூன்று மணிக்கு வண்டி வந்தது. "அவ்வளவு அழுதவரு வண்டி வர்றவரைக்கும் நிக்கலையே, பாத்தியாடி" என்றாள் அத்தை.

அப்பாவைத் தூக்கும்போது போர்வை விலகிப் பாதங்கள் தெரிந்தன. வெடிப்பு விழுந்து, ஓரமெல்லாம் கறுத்த பாதங்கள். இருபத்தியேழு வருஷம் தெருத்தெருவாக நடந்தவை. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அவரை மன்னித்துவிட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிகாரக்கடைப் பெரியவர் இழுத்து நடக்கிற கால் ஞாபகம் வந்தது, அதற்கும் சேர்த்துத்தான் அழுதாள் என்று நினைத்தாள். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "நல்லா அழுதுடு, உள்ளயே வச்சுக்காத" என்றாள்.

மயானத்திலிருந்து திரும்பி, எல்லாரும் குளித்து, அத்தையும் கிளம்பிப்போக ஐந்தரை ஆகிவிட்டது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. கூடத்தில் ஓரமாக அடுக்கிய வாடகை நாற்காலிகள். அம்மா ஒன்றில் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சரம்மா வந்தார். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். காலையில் வர முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன வாரம்கூட வீட்டுக்கு வந்திருந்தார். ரீடிங் எடுத்துட்டு, டீச்சர், பின்கதவுத் தாழ்ப்பாள மாத்துங்க, இது ஒரு தட்டு தட்டினா வந்துடும்னார். நான் ஆவட்டும்னேன். மறுநாள் அவரே புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து ஸ்க்ரூ போட்டுக் குடுத்துட்டுப் போனார். அப்படி ஒரு மனுஷன்."

அம்மா டீச்சரின் கையை விடவில்லை. எதிரே நின்றிருந்த அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பன்னெண்டாந்தேதி தங்கச்சி வீட்டுக்குப் போறதா இருந்தேன்" என்றார் டீச்சர். "பத்து நாள். அவருதான், வீட்டப் பூட்டிட்டுப் போகாதீங்க டீச்சர், காலம் கெட்டுக் கெடக்குன்னு திரும்பத் திரும்பச் சொன்னார். இப்ப அவரே இல்ல. போறதா வேண்டாமான்னு யோசனையா இருக்கு. நீ என்னம்மா சொல்ற?"

கேள்வி அவளைப் பார்த்துத்தான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க டீச்சர்" என்றாள். "சாவியக் குடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு வர்ற வழியில நான் போய் லைட் போட்டுட்டு வரேன். ஒண்ணும் ஆகாது."

டீச்சர் போன பிறகு அவள் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று சமையலறைக்குப் போனாள். யாரோ கொண்டுவந்து வைத்த சாப்பாடு பாத்திரத்தில் அப்படியே இருந்தது. சூடு பண்ணினாள். இரண்டு தட்டில் போட்டாள். ஒன்றில் அதிகம் போட்டுவிட்டதாகத் தோன்றி, கொஞ்சம் எடுத்து மற்றதில் வைத்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது அம்மா தூங்கிப்போயிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வந்து, வாசலுக்கு நேரே வேகம் குறைந்து, கடந்து போனது. அம்மா அசையவில்லை. சின்னதாகக் குறட்டை விட்டாள்.

அவள் தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் மடியில் பாதி உரித்த ஒரு ஆரஞ்சு, விரல்கள் அதன்மேல் தளர்ந்து கிடந்தன. எழுப்பாமல் அதை மெதுவாக எடுத்தாள். மீதித் தோலையும் உரித்து, ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டாள். நல்ல இனிப்பு. கொட்டையை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு அடுத்த சுளையைப் பிய்த்தாள்.